மொரீசியஸின் இரு வெள்ளைக்கண்ணிகள்

இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரீசியஸ் தீவுக்கு மட்டுமே உரிய சிறு பாடும் பறவைகளில் இரண்டு, வெள்ளைக்கண்ணிப் பேரினத்தைச் சேர்ந்தவை. தமிழகத் தோட்டங்களில் திரியும் வெள்ளைக்கண்ணியும் இதே பேரினம்தான். இரண்டும் ஏறக்குறைய 10 செ.மீ. நீளமே இருக்கும். ஒன்று சாம்பல் நிறம், மற்றது ஆலிவ் பச்சை. சாம்பல் பறவைக்கு பிட்டத்தில் வெண்பட்டை உண்டு. ஆனால், கண்ணைச் சுற்றி வெண்வளையம் கிடையாது. பெயருக்குப் பொருந்தாத வெள்ளைக்கண்ணி இது! பச்சைப் பறவைக்கு அந்த வளையம் பளிச்சென்று தெரியும். அலகும் சற்று நீண்டு வளைந்திருக்கும்.

அந்த அலகில்தான் இரண்டின் வாழ்க்கையும் பிரிகிறது. சாம்பல் பறவை பூச்சி, பழம், தேன் என எதையும் விடாது. கூட்டமாகத் திரியும், ‘பிக்-பிக்’ என்று ஓயாமல் குரல் கொடுப்பதால் உள்ளூரில் அதுவே அதன் பெயராகிவிட்டது. காடு, கரும்பு வயலோரம், நகரத் தோட்டம் எல்லாமே அதற்கு ஒத்துப்போகும். பச்சைப் பறவை பூச்சியும் பழமும் தின்றாலும், பெரிதும் பூந்தேனை நம்பியிருக்கிறது. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்கும் இயற்கைக் காடு அதற்கு வேண்டும். இணையாக ஓர் எல்லையைப் பிடித்துக்கொண்டு, தேன் தேடி வரும் மற்றப் பறவைகளை விரட்டும்.

அப்படிப்பட்ட காடு மொரீசியஸில் நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது 2 விழுக்காடுகூட இல்லை. எனவே பச்சைப் பறவை தென்மேற்கு மலைக்காடுகளில் ஒடுங்கிவிட்டது. 1970-களில் சுமார் 350 இணைகள் இருந்தன. 2000-ஐ ஒட்டிய கணக்கெடுப்பில் 150-க்கும் குறைவு. கப்பலேறி வந்த எலிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட குரங்குகளும் கூடுகளைச் சூறையாடின. 1892-இல் வந்துசேர்ந்த செம்மீசைச் சின்னானும் இந்தப் பட்டியலில் உண்டு. நம்மூரில் செல்லமாகப் பார்க்கப்படும் பறவை, அங்கே உணவுக்குப் போட்டியாளர், கூட்டைக் கொள்ளையடிக்கும் திருடர்! இதே பகைவர்களுக்கு நடுவில்தான் சாம்பல் பறவை பெருகி வாழ்கிறது.

பச்சைப் பறவையைக் காக்க, காட்டுக் கூடுகளிலிருந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் எடுத்து, கையால் ஊட்டி வளர்த்தார்கள். வளர்ந்தவற்றை 2006 முதல் மாஹேபூர் அருகிலுள்ள ஐல் ஓ ஐக்ரெத் தீவில் விட்டார்கள். 26 ஹெக்டேர் பரப்புள்ள அந்தத் தீவில் எலிகள் முன்பே ஒழிக்கப்பட்டிருந்தன. பறவைகள் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. பூக்களில் கிடைக்கும் தேன் போதாதென்று, செயற்கைப் பூந்தேனும் கிண்ணங்களில் வைக்கப்படுகிறது.