மேலகரத்துத் தேசிகர்

சாரல் காலத்தில் தென்காசி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கெல்லாம் ஒரே நினைவுதான். எவ்வளவு சீக்கிரத்தில் குற்றாலத்து அருவியின் கீழே போய்த் தலையைக் கொடுக்கலாம் என்பதே அந்த நினைவு. போகும் வழியில் மேலகரம் என்று ஓர் ஊர் இருப்பதை அவர்களிற் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனும் இல்லை. மலை முகட்டிலே மேகம் தவழ்ந்து, முகத்திலே தூறல் பட்டுக்கொண்டிருக்கும் வேளையில், சாலையோரத்து ஊரின் சரித்திரத்தை விசாரிக்க யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

ஆனால் விசாரித்தால் பலன் உண்டு. திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இதுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் அந்த நூலுக்காகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் வழங்கியது. ஒரு நூலின் பெயரால் வயல் அழைக்கப்படுவது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்லவே!

கவிராயரைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். அதே ஊர் தந்த மற்றொருவரை அவ்வளவாக அறியமாட்டார்கள். அவர்தாம் திருவாவடுதுறை ஆதீனத்தின் பதினாறாவது பண்டாரசந்நிதியாக விளங்கிய மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். வீடு, சுற்றம், சொந்தம் யாவற்றையும் துறந்து காஷாயம் பூண்டவருக்கு ஊர்ப்பெயர் மாத்திரம் விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தது வேடிக்கைதான். அதனால் மேலகரத்துக்கு லாபமே ஒழிய நஷ்டம் இல்லை.

இவரைப் பற்றி இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் பக்திக்குக் குறைவில்லை. விளக்கேற்றுகிறோம், விரதம் இருக்கிறோம், நாள் கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறோம். ஆனால் பூஜை அறையை விட்டு வெளியே வந்த பிறகு அந்தப் பக்தி என்ன செய்கிறது? வாசலில் வந்து நிற்கும் ஏழை மாணாக்கனிடம் அது எப்படிப் பேசுகிறது? வேறு மதத்தவர் ஒருவரின் நூலை எப்படிப் பார்க்கிறது? இந்தக் கேள்விகளுக்குச் சுப்பிரமணிய தேசிகரின் வாழ்க்கையில் விடை கிடைக்கிறது. அவர் அதைப் பிரசங்கமாகச் செய்யவில்லை. தினசரி காரியங்களில் காட்டினார்.

அந்தக் காரியங்கள் நமக்குத் தெரியவந்ததற்கு மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஐயரவர்கள் தம் 85-ஆம் வயதில், 1940-ஆம் ஆண்டில், ஆனந்த விகடனில் "என் சரித்திரம்" எழுதத் தொடங்கினார்கள். 1942-இல் அவர்கள் காலமாகும் வரையில் அது வாரந்தோறும் வந்தது. அந்தச் சரித்திரத்தில் ஐயரவர்களின் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அடுத்தபடியாக வாசகர் மனத்தில் நிற்பவர் தேசிகரே.

தேசிகர் ஆதீனத் தலைமையை ஏற்பதற்கு முன்பு சின்னப் பட்டத்தில் இருந்தவர். அப்போது கல்லிடைக்குறிச்சி மடத்தில் தங்கியிருந்தார். 1856-இல் அங்கே ஒரு சங்கீத சதஸ் கூடிற்று. பெரிய வைத்தியநாதையர் என்ற புகழ்பெற்ற வித்துவானுக்கு எதிரே, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்து பாடினான். அவனுக்கும் வைத்தியநாதன் என்றே பெயர். வயதும் புகழும் ஒரு பக்கம். வித்தை மாத்திரம் மறு பக்கம். இத்தகைய சபைகளில் தலைமை வகிப்பவர்கள் பெரியவரின் மனம் கோணாதபடி ஏதாவது சமாதானம் சொல்லிக் கலைத்துவிடுவது உலக வழக்கம். தேசிகரின் முன்னிலையில் அப்படி நடக்கவில்லை. அந்தச் சிறுவனுக்கு "மகா" என்ற பட்டம் வழங்கப்பட்டது. மகா வைத்தியநாதையர் என்ற பெயர் தமிழ்நாட்டுச் சங்கீத உலகத்தில் நிலைத்தது அந்த நாள் முதல்தான்.

1869-இல் அவர் ஆதீனத் தலைவரானார். பண்டாரசந்நிதி என்றால் அந்தக் காலத்தில் ஒரு சிறு ராஜ்யத்தின் அதிபதி மாதிரி. தஞ்சை ஜில்லாவிலும் திருநெல்வேலிச் சீமையிலும் கிராமங்கள், கட்டளைகள், காறுபாறுகள், வழக்குகள், வரவு செலவுகள் எல்லாம் உண்டு. இவ்வளவையும் பார்த்துக்கொண்டு ஒருவர் நாள் தவறாமல் சிவபூஜை செய்வதே பெரிது. பூஜை முடித்துப் பண்டாரசந்நிதிகள் அமர்ந்து வந்தவர்களைப் பார்க்கும் இடத்துக்கு மடத்திலே "ஒடுக்கம்" என்று பெயர். தேசிகர் காலத்தில் அந்த ஒடுக்கம் ஒரு கலாசாலையாகவே இருந்தது. தமிழ் வித்துவான்கள், வடமொழிப் பண்டிதர்கள், சங்கீத வித்துவான்கள் யார் வந்தாலும் அவரவர் வித்தையை அறிந்து பேசி, அவரவர் தகுதிக்கேற்பச் சம்மானம் செய்து அனுப்புவார். இலக்கணத்திலே சந்தேகம் கேட்கவந்த தம்பிரானுக்கும், சாஸ்திர வாதம் செய்யவந்த பண்டிதருக்கும் அங்கே ஒரே கவனம் கிடைத்தது.

1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையிலே காலமானார்கள். அருகிலே இருந்து திருவாசகம் படித்தவர் அவருடைய மாணாக்கராகிய சாமிநாதையர். அப்போது அவருக்கு இருபத்தொரு வயதுகூட நிரம்பவில்லை. கையிலே பொருள் இல்லை. வயதான பெற்றோரும் மனைவியும் இருக்கிறார்கள். நம்பியிருந்த ஆசிரியரோ மறைந்துவிட்டார். இனி எங்கே போவது, யாரிடம் படிப்பது?

தேசிகர் அவருக்கு ஆறுதல் சொன்னதோடு நிற்கவில்லை. ஆறுதல் சொல்வது எல்லோருக்கும் சுலபம். இனிமேல் பாடத்தை நாமே சொல்லுகிறோம் என்று ஏற்றுக்கொண்டார். அத்தனை கிராமங்களின் அதிபதி, நாள்தோறும் நேரம் ஒதுக்கி, ஓர் ஏழை இளைஞருக்கு இலக்கண நூல்களை விரித்துவைத்துப் பாடம் சொன்னார்! அதே சமயத்தில் மடத்து மாணாக்கர்களுக்குப் பாடம் சொல்லும் வேலையை அந்த இளைஞரிடம் ஒப்புவித்தார். இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. சும்மா சாப்பாடு போட்டு வைத்திருந்தால் பிள்ளைக்குக் கூச்சம் வந்திருக்கும். வேலை கொடுத்ததனால் அவர் ஒருவர் தயவில் இருப்பவராக இல்லாமல் ஓர் ஆசிரியராகவே தலைநிமிர்ந்து நின்றார். பிறகு திருவாவடுதுறை அக்கிரகாரத்திலே அவர் குடும்பத்தோடு வசிப்பதற்கு வீடும் அமைத்துக் கொடுத்தார். தர்மம் செய்கிறவர்களில் எத்தனை பேர் வாங்குகிறவனுடைய மானத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறார்கள்?

அந்த ஆண்டுதான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கிற்று. 1876 முதல் 1878 வரையில் தென்னாட்டை வாட்டிய அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்ட குடும்பங்கள் அநேகம். மாயூரத்தில் முன்சீபாக இருந்து ஓய்வுபெற்ற வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவழித்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். தமிழில் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்டவர் இவர்தாம். பரம்பரைக் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். இவர் தேசிகருடைய கொடையைப் புகழ்ந்து பாட்டுக்கள் பாடினார். நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரோ வேதநாயகம் பிள்ளையின் அன்னதானத்தைப் புகழ்ந்து பாடினார். சிவபக்தர் கிறிஸ்தவரைப் பாடுகிறார். கிறிஸ்தவர் சைவ மடத் தலைவரைப் பாடுகிறார்! காவேரிக் கரையிலே, ஒன்றுக்கொன்று பத்து மைலுக்குள் இருக்கும் இரண்டு ஊர்களிலே, இது நடந்தது. இவர்களில் எவரும் தம் மதத்தில் ஓர் அணுவும் தளர்ந்தவர் அல்லர் என்பதை நாம் மறக்கக்கூடாது.

1880-இல் தேசிகருக்கு வேறு விதமான சோதனை வந்தது. கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் வேலையிலிருந்து ஓய்வு பெற விரும்பினார். அவரும் பிள்ளையவர்களின் மாணாக்கர். தம்முடைய இடத்துக்குச் சாமிநாதையரை அனுப்பித்தர வேண்டும் என்று தேசிகரிடம் வந்து கேட்டார். தேசிகருக்கு முதலில் மனம் வரவில்லை. நான்கு வருஷமாகப் பக்கத்திலே வைத்துப் பாடம் சொல்லி, மடத்துக்கே ஓர் அணியாக ஆக்கிய பிள்ளையை எப்படி விட்டுக் கொடுப்பது? ஆனாலும் அனுப்பினார். கடிதம் கொடுத்து, போர்வை அணிவித்து, ஆசீர்வதித்தே அனுப்பினார். பொருளைக் கொடுக்கிறவர்கள் பலர் உண்டு. தாம் வளர்த்த ஒருவரை அவருடைய நன்மைக்காகக் கைவிட்டு அனுப்புவது அதைவிடக் கடினம் என்பதை, வேலைக்காகப் பிள்ளைகளைத் தூரதேசம் அனுப்பிவிட்டு இருக்கும் பெற்றோர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆண்டிலேயே, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சாமிநாதையரைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பினார். அது ஜைன காவியம். இவ்விடத்தில் சைவர்களின் பழைய மனத்தாங்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும். சோழ மன்னன் சிந்தாமணியிலே ஈடுபட்டுக் கிடந்தமையால் அவனை நல்வழிப்படுத்தவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது சைவ மரபு வழங்கும் வரலாறு. அதுமட்டுமன்று. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சுவாமிநாத தேசிகர் முன்னாளில் இயற்றிய இலக்கணக் கொத்தில், சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை, பத்துப்பாட்டு, எட்டுத்தொகை முதலியவற்றைப் படித்துக் காலம் போக்குகிறவர்களைக் கண்டித்தே எழுதியிருக்கிறார். சைவர்களுக்குத் திருவாசகம் போன்ற நூல்கள் இருக்க, இவை எதற்கு என்பது அவர் எண்ணம்.

ஆகவே சுப்பிரமணிய தேசிகர் முகத்தைச் சுளித்திருந்தால் அவருக்கு ஆதாரம் வெளியே தேட வேண்டியதில்லை. தம் மடத்திலேயே இருந்தது. "இந்த வேலை வேண்டாம், அப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவரிடம் அவ்வளவு பக்தியுள்ள மாணாக்கர் அதை மீறியிருப்பாரோ என்பது சந்தேகமே. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆதீனத்துப் புத்தகசாலையிலிருந்த சிந்தாமணி ஏடு சாமிநாதையருக்குக் கிடைத்தது. ஜைன சமயத்து விஷயங்களைக் கும்பகோணத்து ஜைனர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு அவர் ஆராய்ச்சியை நடத்தினார். மற்றொரு சமயத்தின் நூலைக் காப்பாற்றுவதனால் தம்முடைய சிவபூஜைக்குப் பங்கம் வந்துவிடும் என்று தேசிகர் நினைக்கவில்லை. தம் மதத்தில் உறுதி குறைந்தவர்களுக்குத்தான் பிறர் மதத்தைக் கண்டால் அச்சம் அதிகம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, சொல்லாமல் விடக்கூடாத ஒன்றும் உண்டு. அந்தக் காலத்து மடங்களில் ஜாதிக்கேற்பப் பந்தி பிரிந்திருந்தது. வயலிலே நாற்று நட்டு ஆதீனத்துக்கு நெல் விளைவித்துக் கொடுத்த மக்களிற் பலர் கோயில் வாசலைத் தாண்ட முடியாதவர்கள். தேசிகரும் அந்தக் காலத்தின் ஏற்பாட்டுக்குள் வாழ்ந்தவரே. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதையர் தலைமையில் அவர்கள் நுழைந்தது 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி. தேசிகர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு. பெரியவர்களைப் போற்றும்போது அவர்கள் போகாத தூரத்தையும் அளந்து வைத்துக்கொள்வது, அவர்களுக்கு நாம் செய்யும் அவமரியாதை ஆகாது.

மேலகரம் இப்போது 2019-இல் ஏற்பட்ட தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. அடுத்த முறை குற்றாலத்துக்குப் போகிற நேயர்கள் குழந்தைகளுக்கு இரண்டு பெயர்களைச் சொல்லிவைக்கலாம். குறவஞ்சியின் பெயரைச் சொன்னால் கவிராயரைப் பற்றிச் சொல்வது சுலபம். தேசிகருக்கு அப்படிக் காட்டக்கூடிய நூல் இல்லை. பிறர் எழுதிய, பிறர் பதிப்பித்த நூல்களில்தான் அவரைத் தேட வேண்டும்.

சிந்தாமணி 1887-இல் அச்சாகி வெளிவந்தது. 1888-இல் தேசிகர் பரிபூரணம் அடைந்தார். இலக்கணக் கொத்தில் பெயர் சொல்லி ஒதுக்கப்பட்ட மற்ற நூல்களிற் பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், மணிமேகலை 1898-இலும், அவரிடம் பாடம் கேட்டவருடைய கையாலேயே ஒவ்வொன்றாக வெளிவந்தன. தேசிகர் இருந்த காலத்தில் அந்த வரிசையில் அவருடைய மாணாக்கர் வெளியிட்டது சிந்தாமணி ஒன்றுதான்.