பெட்டி வடிவமைப்பில் கணினி: வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

சரக்கு எவ்வளவு தரமாக இருந்தாலும், வாடிக்கையாளர் முதலில் பார்ப்பது பெட்டியைத்தான். விருதுநகர் மிளகாய்ப் பொடி ஆகட்டும், சிவகாசி மத்தாப்பு ஆகட்டும், பெட்டி தயாராகும் முறை இன்று அடியோடு மாறிவிட்டது.

லித்தோ அச்சுக் காலத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் வேண்டும். கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டைய ராஜு (1898–1976), அவருடைய சீடர்கள் ஆகியோரின் தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்கள் மூலம்தான் வீடுதோறும் சென்றன. பிறகு ஆப்செட்டும் பிலிமும் வந்தன. அப்போதும் ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமானால் புதிய பிலிம், புதிய பிளேட் என்று செலவுதான்.

இப்போது கணினியிலிருந்து நேராகவே பிளேட் தயாராகிறது. பெட்டியின் மடிப்பும் வெட்டும் திரையிலேயே அமைகின்றன. டை செய்யாமலே மாதிரிப் பெட்டி ஒன்றை இயந்திரம் வெட்டித் தந்துவிடும். 2019 அக்டோபரில் பசுமைப் பட்டாசுக்குத் தனி முத்திரையும் கியூஆர் குறியீடும் அறிமுகமானபோது, பெட்டிகளின் வடிவமைப்பில் அவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டி வந்தது.

ஆனால் வேகத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மிளகாய்ப் பொடிக்கு 5,000 பெட்டிகள் அச்சிடக் கொடுத்தோம். மாதிரிப் பெட்டி பார்க்கிறீர்களா என்று அச்சகத்தார் கேட்டார்கள். அவசரத்தில், செல்போனில் வந்த படத்தைப் பார்த்தே "சரி" என்று சொல்லிவிட்டோம். பெட்டிகள் வந்தன. பத்துப் பாக்கெட் அடங்க வேண்டியதில் ஒன்பதுதான் அடங்கியது. காலிப் பாக்கெட்டை அளந்து கொடுத்திருந்தோம். பொடி நிரப்பினால் உப்பும் என்பதை மறந்துவிட்டோம். நிறமும் மங்கல். அத்தனையும் பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று. தவறு எங்களுடையதே.

நிறம் மங்கியதற்கும் காரணம் உண்டு. திரை, ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு, நான்கு மைகளால் நிறம் காட்டுகிறது. திரையின் பளபளப்பு முழுவதும் அட்டையில் வராது.

முன்பெல்லாம் ஓவியர் கடைக்கே வந்து, சரக்கைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் பென்சிலை எடுப்பார். கணினிக்கு நமது சரக்கு தெரியாது. அதைத் தெரிவிக்கும் பொறுப்பு நம்முடையது.

ஆகவே, சரக்கு நிரப்பிய பாக்கெட்டையே அச்சகத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். மாதிரிப் பெட்டியில் அடுக்கி, மூடிப் பாருங்கள். அச்சு மாதிரியைக் கடை வெளிச்சத்தில் பாருங்கள். எடை, விலை, கியூஆர் குறியீடு எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். ஒரு நாள் தாமதம் நஷ்டமல்ல. பழைய பேப்பர் கடைக்குப் போகும் 5,000 பெட்டிதான் நஷ்டம்.