கொடுவா மீனுக்கேற்ற துணை மீன்கள்

கடலோரக் குடியானவர்களிற் சிலர் தமது உவர்நீர்க் குட்டைகளிற் கொடுவாவுடன் இறாலையும் மடவைக் குஞ்சுகளையும் ஒருங்கே விடுகின்றனர். முடிவில் வலையிற் கிடைப்பது பெரும்பாலும் கொடுவாவே. ஏனையவற்றுக்குச் செலவிட்ட பணமும் அதன் வயிற்றிற் போயிற்று.

துணை மீனைத் தெரிந்தெடுக்குங்கால் ஜாதியினும் அளவே முக்கியம். இளங்கொடுவா தன் நீளத்திற் பாதியுள்ள மீனை முழுதாய் விழுங்க வல்லது. தன்னினம் என்றும் பாராது. ஆதலின் அதற்கு முதற் சத்துரு உடன் வளரும் பெரிய குஞ்சே. 20 சென்டிமீட்டர் நீளம் வளரும்வரை இத்தொல்லை மிகுதி. நாற்றங்கால் குட்டையில் வாரந்தோறும் அளவுவாரியாகப் பிரித்து விடுக. சலிப்பான வேலைதான், ஆயினும் தவிர்த்தற்கில்லை.

தாய்லாந்தில் கையாளப்பட்ட முறை கவனிக்கத்தக்கது. ஓர் ஆணுக்கு மூன்று பெண் வீதம் திலேப்பியாவை ஒன்றிரண்டு மாதம் முன்னரே விட்டு, அவற்றின் குஞ்சுகள் பெருகிய பின்பு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கொடுவாவை விடுவர். குஞ்சுகள் இரையாகும், தாய்மீன்கள் வாய்க்கு அடங்கா. நம் நாட்டில் திலேப்பியாவைப் புதிதாக விடுவோர் மீன்வளத் துறையின் அனுமதியை முன்னரே விசாரித்துக் கொள்க.

பால்கெண்டை வேண்டுவோர் கொடுவாவினும் பெரியவற்றையே விடுக. அது பாசியை மேய்வதால் இரைக்குப் போட்டியில்லை.