தூத்துக்குடி மொட்டை மாடியில் உருளைக்கிழங்கு விளையுமா?

தூத்துக்குடி பக்கம் மாடித் தோட்டம் போடுறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வியை இந்த எபிசோடில் எடுத்திருக்கேன். "பக்கெட்டில் உருளைக்கிழங்கு வச்சோம். செடி நல்லா வளர்ந்துச்சு. தோண்டிப் பார்த்தா கோலிக்குண்டு சைஸில் நாலு கிழங்குதான். மண் சரியில்லையா, உரம் பத்தலையா?"

மண்ணையும் உரத்தையும் குறை சொல்றதுக்கு முன்னாடி, நம்ம ஊர் ராத்திரியைப் பாருங்க.

உருளைக்கிழங்கு வேர் கிடையாது. மண்ணுக்குள் ஓடுகிற தண்டின் நுனி வீங்கித்தான் கிழங்காகிறது. இலை தயாரிக்கிற சர்க்கரை கீழே இறங்கி அங்கே மாவாகச் சேரணும். அதுக்கு மண் 15 முதல் 20 டிகிரி வரை இருப்பது நல்லது. ராத்திரி வெப்பம் 20 டிகிரியைத் தாண்டத் தாண்ட, கிழங்கு பிடிப்பது குறையும். மண் 30 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட நின்றே போகும். செடி சர்க்கரையை மூச்சு விடுறதுக்கும் இலை விடுறதுக்குமே செலவழிச்சிடும். மேலே பச்சைப் பசேல், கீழே ஒண்ணும் இருக்காது.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இது நல்லா விளைவதற்குக் காரணம் அந்தக் குளிர்தான். நமக்குக் கடல் பகல் வெயிலைக் கொஞ்சம் தணிக்கும், ஆனா ராத்திரியைக் குளிர விடாது. மார்கழியிலும் பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேலதான்.

அப்போ ஆசைப்படவே கூடாதா? படலாம், அளவா. கிழங்கு பிடிக்கத் தொடங்குவது நட்டு ஒரு மாதம் கழிச்சு. அது மார்கழி, தையில் வரணும்னா கார்த்திகை தொடக்கத்தில் நடணும். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 2006இல் வெளியிட்ட 'குஃப்ரி சூர்யா' வெப்பத்தை ஓரளவு தாங்குற ரகம். விதை கிடைத்தால் அதை வைங்க.

கறுப்புப் பை வெயிலில் கொதிக்கும். மீன் அனுப்புற பழைய தெர்மோகோல் பெட்டி மண்ணை அவ்வளவு சூடாக விடாது. உப்பு போகக் கழுவி, அடியில் தாராளமா ஓட்டை போடுங்க. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்த கடற்கரை இது. தண்ணி தேங்கினால் கிழங்கு அழுகிடும். அடைமழைக்குப் பெட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்துங்க.

அடுத்து, தண்ணி. உப்புக் கரிக்கிற போர் தண்ணியை ஊத்தாதீங்க. தொட்டியில் தண்ணி வற்ற வற்ற உப்பு மண்ணிலேயே தங்கும். மழைத்தண்ணி அல்லது தாமிரபரணிக் குடிதண்ணி போதும்.

இதை மட்டும் மறக்காதீங்க: வெளியே தெரியுற கிழங்கை மண் போட்டு மூடுங்க. வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் சோலனின் என்ற நச்சு கூடும். வேக வச்சாலும் அது போகாது. நல்லா பச்சையாகியிருந்தா, கசந்தா, தூக்கிப் போட்டுடுங்க.

என்னைக் கேட்டால், நம்ம மாடிக்குச் சரியான கிழங்கு வேற. பொங்கலுக்கு வாங்குவோமே, சிறுகிழங்கு! கேரளாவில் கூர்க்கன்னு சொல்றாங்க. துளசிக் குடும்பம், ஓமவல்லிக்கு நெருங்கின சொந்தம். குளிர் இல்லையேன்னு இது கோவிச்சுக்காது; பகல் பொழுது குறையறதுதான் இதுக்குக் கிழங்கு பிடிக்கிற சிக்னல். ஆடி, ஆவணியில் நுனித்தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஒரு அடி ஆழத் தொட்டியில் நடுங்க. வளரும்போது ஓரிரு தடவை மண் அணைங்க. சுமார் ஐந்து மாதத்தில் பொங்கல் நேரத்துக்குத் தோண்டலாம். தோல் எடுக்கிறதுதான் பெரிய வேலை. சாக்கில் போட்டுத் தரையில் தட்டுற வீட்டுப் பழக்கம் இன்னும் கைகொடுக்குது.

உருளைக்கு ஒரு பெட்டி, சிறுகிழங்குக்கு ரெண்டு பெட்டின்னு இந்த வருஷம் தொடங்குங்க. தையில் தோண்டினதும் எந்தப் பெட்டியில் எவ்வளவு வந்ததுன்னு எடை போட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.