பிசிறு வெட்டும் பிள்ளைகளும் பெற்றோரும் சட்டமும்

திருப்பூரில் தைத்து முடித்த பனியன்கள் கட்டுக்கட்டாக வீடுகளுக்கும் வருகின்றன. தையலில் தொங்கும் நூலைக் கத்தரித்து அடுக்கிக் கொடுத்தால் பீஸ் கணக்கில் கூலி. அம்மா பிசிறு வெட்டிக்கொண்டிருக்க, பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறாள். இது வீட்டுக்கு ஒத்தாசையா, குழந்தைத் தொழிலா?

2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்ட எவரையும் வேலைக்கு வைக்கக்கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று விலக்கும் தருகிறது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை அந்த உதவியும் கூடாது என்கின்றன 2017-இல் வந்த விதிகள். சரக்கு அனுப்பும் நாள் நெருங்கும்போது, இரவு 9 மணிக்கு அந்த வீட்டுக்குள் போய்ப் பார்ப்பது யார்?

பெற்றோரைச் சட்டம் கேள்வி கேட்பது புதிதல்ல. பிள்ளையின் உழைப்பை அடகு வைத்தால் பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம் என்றது 1933-ஆம் ஆண்டுச் சட்டம். இன்று முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை உண்டு. பெற்றோருக்கு முதல் முறை தண்டனை இல்லை. மறுபடியும் செய்தால் 10,000 ரூபாய் வரை அபராதம்.

இந்த வேறுபாடு ஏன் தேவை என்பதற்கு நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டம்' சாட்சி. மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று புரோக்கர் சொல்ல, வறண்ட மாவட்டங்களின் பெற்றோர் மகள்களை அனுப்பி வைத்தார்கள். பலருக்கு 18 வயதுகூட நிரம்பவில்லை. விடுதியை விட்டு நினைத்தபடி வெளியே போக முடியாது. உடம்புக்கு முடியாமல் பாதியில் திரும்பியவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. நெதர்லாந்தின் சோமோ ஆய்வு அமைப்பு 2011-இல் இதை உலகுக்குச் சொன்னது. வரதட்சணைக்குப் பயந்து மகளை அனுப்பிய தகப்பனுக்கு அபராதம் போட்டால் அவருடைய கடன்தான் ஏறும்.

சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் பிள்ளைகள் வேலை பார்த்தது பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வேறு வழி காட்டியது. ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பதில் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை, இல்லையென்றால் அரசு 5,000 ரூபாய் செலுத்த வேண்டும். தமிழக அரசும் 2022-இல் திருமண உதவித் திட்டத்தைப் புதுமைப்பெண் திட்டமாக மாற்றியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய்.

கொடுமை செய்யும் பெற்றோர் விஷயம் வேறு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை என்கிறது. அங்கே தயவு காட்ட வேண்டியதில்லை.

பிசிறு வெட்டும் வீட்டுக்குச் சட்டம் வேறு விதமாக வர வேண்டும். கம்பெனி கொடுத்தனுப்பும் வேலையைக் குடும்பத் தொழில் என்று ஏற்கக் கூடாது. அந்தக் கட்டு எந்தக் கம்பெனியிலிருந்து வந்ததோ, அதுவே பொறுப்பேற்க வேண்டும். அம்மா ஒருத்தி வெட்டும் கூலியில் வீடு நடக்கும் அளவுக்குப் பீஸ் ரேட்டை உயர்த்த வேண்டும்.