அன்னபூரணி கடந்த கடல்

கணவனும் மனைவியுமாகப் பாய்ப்படகில் ஏறி, மத்தியதரைக் கடலோரமாகத் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றி வருவது ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் பிடித்தமான விடுமுறை. கிரேக்கத் தீவுகள், இத்தாலி, பிரான்ஸ் என்று வாரக்கணக்கில் போவார்கள். இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று தில்லையடிச் சகோதரிகள் கேட்கலாம். நமது வடகரையில் கட்டிய கப்பல் ஒன்றும் அந்தக் கடலைக் கடந்திருக்கிறது. அதன் கதையிலும் ஒரு தம்பதி வருகிறார்கள்.

வில்லியம் அல்பேர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை, 32 அடி நீளமான சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர். படகின் பெயர் 'ஸ்வாப்'. கனவு என்ற பொருளில் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்த பெயர். நமது 'சொப்பனம்' அதற்கு உறவுச் சொல்தான். 1933இல் புளோரன்ஸ் கிரேன் என்ற பெண்ணை மணந்து, அதே படகில் அவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். புளோரன்ஸ் குழாய்களும் குளியலறைச் சாமான்களும் செய்யும் பெரிய நிறுவனக்காரரின் மகள். அவருக்கு வீட்டில் எந்தக் குறையும் இருந்திருக்காது.

1934இல் பசிபிக் கடலின் கலாபகொஸ் தீவுகளில் நங்கூரமிட்டிருந்தபோது ராபின்சனுக்குக் குடல்வால் வெடித்தது. ஆளில்லாத குடா. வைத்தியர் இல்லை. தற்செயலாக வந்து சேர்ந்த மீன்பிடிக் கப்பல் ஒன்றில் வானொலிக் கருவி இருந்தது. செய்தி பனாமாவுக்குப் போய், அமெரிக்கக் கடற்படை விமானத்தில் வைத்தியர்கள் வந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். உயிர் தப்பியது. அதுவரை புளோரன்ஸ் எப்படி இருந்திருப்பார் என்பதை, நோயாளியை வைத்துக்கொண்டு வாகனத்துக்குக் காத்திருந்த எந்தப் பெண்ணுக்கும் விளக்கத் தேவையில்லை.

இனி நமது கப்பலுக்கு வருவோம். 1930இல் வல்வெட்டித்துறை மேஸ்திரிமார் வேப்பமரத்தால் கட்டிய 89 அடிக் கப்பல், 'அன்னபூரணி அம்மாள்'. 1936இல் ராபின்சன் அதை வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டி 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆக்கினார். 1937இல் தண்டையல் தாமோதரம்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதை ஓட்டிச் சென்றார்கள். சுயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்து, அதை முழுதாகக் கடந்து, ஜிப்ரோல்டரால் வெளியேறி, அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள். அந்த ஆண்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. வல்வெட்டித்துறையில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டு, கரையில் காத்திருந்த அவர்களது மனைவிமாரின் பெயர்களை எந்தப் பட்டியலிலும் நான் காணவில்லை. கப்பலுக்குப் பெண் பெயர் வைப்பதில் மட்டும் யாரும் குறை வைப்பதில்லை! (ராபின்சனும் புளோரன்சும் பின்னாளில் பிரிந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

அதே மத்தியதரைக் கடலை 2015ஆம் ஆண்டில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் அகதிகளாகவும் குடியேறிகளாகவும் கடந்தார்கள். பெரும்பாலானோர் துருக்கியிலிருந்து கிரேக்கத் தீவுகளுக்குக் காற்றடித்த இறப்பர் படகுகளில் போனவர்கள். உல்லாசப் படகு போகும் அதே தண்ணீரில் கைக்குழந்தையோடு தாய்மார் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் கரை சேரவில்லை.

இதை வாசிக்கும்போது நம்மில் பலருக்கு வேறொரு கடல் ஞாபகம் வரும். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து கற்பிட்டிக்கு வள்ளங்களில் வந்து இறங்கிய குடும்பங்கள் எத்தனை! மாரி தொடங்கும் காலம். ஆண்கள் தொழிலுக்குப் போன கடலில் அன்றுதான் முதல்முதலாகக் கால் வைத்த பெண்கள் இருந்தார்கள். தலைமன்னார்ப் பக்கமிருந்து இராமேஸ்வரத்துக்குப் போன தமிழ்ச் சகோதரிகளிலும், நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, யாராவது வருவார்களா என்று நின்றவர்கள் உண்டு. அந்தப் பயணங்களை மாலுமிகளின் பயணம்போல யாரும் பெயர் பெயராகக் குறித்து வைக்கவில்லை.

இப்போது கற்பிட்டியில் வெளிநாட்டுத் தம்பதிகள் டொல்பின் பார்க்கப் படகேறுகிறார்கள். அவர்கள் படம் பிடிப்பார்கள், ஊருக்குப் போய் எழுதுவார்கள். நல்லதுதான். நாமும் எழுதலாமே. அந்த நாளைக் கண்ட பலர் முதுமையடைந்துவிட்டார்கள். எழுதத் தெரியாத உம்மாவிடம் மகளோ பேத்தியோ கேட்டு எழுதட்டும்: எந்தக் கரையில் ஏறினீர்கள், வள்ளம் யாருடையது, எத்தனை பேர் இருந்தீர்கள், கையில் என்ன இருந்தது, பிள்ளைக்குக் குடிக்க என்ன கொடுத்தீர்கள், இறங்கியதும் முதல் சோறு தந்தவர் யார். உம்மா அழுதால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள். நாற்பது பக்கப் பாடசாலைக் கொப்பி ஒன்று போதும். முதல் பக்கத்தில் உம்மாவின் முழுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.