நூல் பொறுக்கும் விரலுக்கு என்ன கொடுப்பது?

பொதட்டூர்பேட்டையில் நிதானமாகப் பேச வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும். விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும். அன்றைக்கு அண்ணன் வீட்டில் தறி நின்றதும் அண்ணி டீ போட்டு வந்தார். தரையில் தவழ்ந்துகொண்டிருந்த பாப்பா, 9 மாதம், பாவிலிருந்து விழுந்த அரை விரல் நீள நூல் துண்டு ஒன்றைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கிள்ளி எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

“பாருங்க அத்தே, சோறு ஊட்டினா மூஞ்சத் திருப்பிக்குது. கீழ கெடக்கிறதுன்னா எடுத்துத் தின்னுது” என்றாள் அண்ணியின் மருமகள், நூலைப் பிடுங்கிக்கொண்டே.

பிடுங்கியது சரி. ஆனால் திட்ட வேண்டாம். இழை அறுந்தால் அதைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட தாத்தாவுக்கு எந்த இரண்டு விரல் வேண்டுமோ, அதே இரண்டு விரல் பேத்திக்கு இப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. 6 மாதக் குழந்தை எதையும் உள்ளங்கையால் வாரித்தான் பிடிக்கும். 9 மாதம் நெருங்கும்போது கிள்ளி எடுக்கிற பிடி வரும். குழந்தை ‘என் கையால் தின்னப் பார்க்கிறேன்’ என்று சொல்கிறது. நாம் அதன் முன்னால் வைத்திருப்பது நூலைத்தான்.

எப்போது தொடங்கலாம்? 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு தாய்ப்பாலோடு மற்ற உணவு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. 8 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் கையால் எடுத்துத் தின்னத் தயாராகிவிடும் என்றும் அதுவே சொல்கிறது. மாதக் கணக்கைவிடக் குழந்தையைப் பார்ப்பது நல்லது. தலை ஆடாமல் நிற்கிறதா? சாய்மானம் கொடுத்தால் உட்காருகிறதா? வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளாமல் உள்ளே வாங்குகிறதா? அப்படியானால் தொடங்கலாம். பல் முளைக்கவில்லையே என்றார் அண்ணி. வெந்த கிழங்கை நசுக்க ஈறே போதும். சந்தேகம் இருந்தால் ஒருமுறை விரலைக் கொடுத்துப் பாருங்கள்.

என்ன கொடுப்பது என்பதற்குக் கடைக்குப் போக வேண்டாம். வேகவைத்த பூசணி, சர்க்கரைவள்ளி, குழைய வெந்த கேரட், வாழைப்பழம், பப்பாளி, நன்றாக வெந்த முட்டை, பருப்புத் தண்ணீரில் நனைத்த இட்லி. இட்லியை வறட்டென்று கொடுத்தால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆந்திர எல்லையோர ஊராதலால் கேழ்வரகுக் களி, அதாவது சித்தூர் பக்கத்துச் சங்கடி, இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதை உருண்டையாகக் கொடுக்காதீர்கள், பசைபோல் அடைக்கும். மோரிலோ பருப்பிலோ கரைத்து ஊட்டுங்கள்.

பதம் பார்ப்பது எளிது. துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் மசிய வேண்டும். மசியாதது குழந்தைக்கு ஆகாது. அளவு, பிடியைப் பொறுத்தது. உள்ளங்கையால் பிடிக்கிற குழந்தைக்குப் பெரியவர் விரல் நீளத்துக்கு வெட்டினால்தான் மூடிய கைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும், கடிக்க முடியும். கிள்ளி எடுக்கத் தெரிந்த பிறகு கொண்டைக்கடலை அளவு போதும், மெத்தென்று இருந்தால்.

உப்பும் சர்க்கரையும் 1 வயது வரை வேண்டாம். தேன் கூடவே கூடாது. பச்சைக் குழந்தையின் குடலில் நஞ்சு உண்டாக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும். முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முறுக்கு, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் எல்லாம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வேர்க்கடலையை மாவாக அரைத்துக் கஞ்சியில் கலக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்ட வேண்டும்.

இந்த இடத்தில் அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். “தொண்டையில மாட்டிக்கிச்சுன்னா?”

நியாயமான பயம். இரண்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, ‘ஓக்’ என்று சத்தத்தோடு வெளியே தள்ளினால் அது குமட்டல். குழந்தையின் உடம்பு தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. நாம் பதறி விரலை உள்ளே விட்டால்தான் துண்டு பின்னால் போகும். சத்தமே இல்லை, அழவோ இருமவோ முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் அது அடைப்பு. நம் வீடுகளில் புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டி ‘யாரோ நெனைக்கிறாங்க’ என்போம். யார் நினைத்தாலும் அடைப்பு போகாது. 1 வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். வரவில்லையென்றால் மல்லாத்தி, மார்பின் நடுவில் ஒரு கையின் அடிப்பகுதியால் 5 முறை அழுத்த வேண்டும். துண்டு வெளிவரும் வரை, அல்லது குழந்தை அழும் வரை, மாற்றி மாற்றி. அதற்குள் இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது வேண்டாம். பொம்மையை வைத்து வீட்டில் எல்லோரும் ஒருமுறை செய்து பழகுங்கள்.

அடைப்பைத் தடுக்க முதல் வழி, உட்கார வைப்பது. இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் நடந்து ஊட்டுவதும், செல்போனைக் காட்டி வாய் திறந்த நேரம் பார்த்துத் திணிப்பதும் வேண்டாம். குழந்தை நிமிர்ந்து உட்காரட்டும், பெரியவர் ஒருவர் எதிரில் உட்காரட்டும்.

“இப்பிடி வுட்டா வயிறு ரொம்புமா?” ரொம்பாது, ஆரம்பத்தில். 1 வயது வரை சாப்பாட்டுத் தேவையில் பாதியோ அதற்கு மேலோ தாய்ப்பாலே கொடுத்துவிடும். மேலைநாட்டில் சிலர் ஊட்டவே கூடாது என்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. பருப்பு, கீரை, முட்டை, மீன் போன்றவற்றை மசித்து ஊட்டுங்கள், கூடவே இரண்டு துண்டு கையில் கொடுங்கள். வாயை மூடினால், முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள்.

பாதிக்கு மேல் தரையில் போகும். அறிவுடை நம்பி என்ற பாண்டியன் பாடிய புறநானூற்றின் 188ஆம் பாட்டில் குழந்தை நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்கிறது. அரசன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நமக்கென்ன, தரையைத் துடைத்தால் போயிற்று. சாப்பாட்டுக்கு முன் குழந்தையின் கையையும், சாயம் பட்ட நம் கையையும் சோப்புப் போட்டுக் கழுவினால் சரி. பீச்சாங்கையால் எடுக்கிறதே என்றும் தட்டிவிடாதீர்கள். எந்தக் கை என்பது இந்த வயதில் முடிவாவதில்லை.

டீ ஆறுவதற்குள் மருமகள் பூசணியை வேகவைத்து, ஆற்றி, தட்டில் நாலு துண்டு வைத்தாள். தறி மறுபடி ஓடத் தொடங்கியபோது பாப்பா தின்றிருந்தது ஒன்றரை. மீதி என் புடவையில்.